டிக் டிக் டிக் திரைப்படமும் பார்வையாளர் வரவேற்பும்

டிக் டிக் டிக், சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி 2018 ஜூன் 22 அன்று வெளியான தமிழ் அறிபுனைத் திரைப்படமாகும். ஜெயம் ரவி, நிவேதா பெத்துராஜ் நடித்தனர். 1981இல் பாரதிராஜா இயக்கிய படத்துக்கும் இதற்கும் பெயர் மட்டுமே பொது.

பூமியின் மீது மோதவரும் சிறுகோளைத் தகர்க்க அணு ஆயுதம் வேண்டும். அது வேறொரு நாட்டின் விண்வெளி நிலையத்தில் மறைத்து வைக்கப்பட்டுள்ளது. அதைத் திருடிவரச் சிறையிலிருக்கும் மாயவித்தைக்காரர் ஒருவரை அனுப்புகிறார்கள்.

"இந்தியாவின் முதல் விண்வெளிப் படம்" என்ற விளம்பரமே வரவேற்பைப் பிளவுபடுத்தியது எனலாம். வேற்றுக்கோளினர் கதாநாயகியைக் கடத்திச் செல்லும் கலை அரசி 1963லேயே வந்துவிட்டது. ஆனால் அதை எவரும் அறிவியல் பாடமாக எண்ணிப் பார்க்கவில்லை. டிக் டிக் டிக்கை அப்படிப் பார்த்தவர்களுக்குக் குறைகள் நிறையத் தெரிந்தன. நாசாவில் தேர்வானவர்களுக்கு அடிப்படைப் பயிற்சியே சுமார் இரண்டு ஆண்டுகள் நடக்கும். இங்கோ அவசரப் பயிற்சியோடு திருடர்கள் விண்கலம் ஏறுகிறார்கள். 1998இல் வந்த ஹாலிவுட் படமான அர்மகெடானின் சாயலும் சுட்டப்பட்டது. (எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களை விண்ணுக்கு அனுப்பிய அந்தப் படமும் இதே கேலிக்குத் தப்பவில்லை.)

தமிழ்ப் படங்களின் செலவு வரம்பை அறிந்தவர்கள் வரைகலைக் காட்சிகளையும் விண்கல அரங்கையும் பாராட்டினர். தந்தை–மகன் பாசக் காட்சிகள் சிலருக்கு வழக்கமான உருக்கமாகவும், சிலருக்குப் படத்தின் பிடிப்பாகவும் தோன்றின.

அதே ஆண்டு டிசம்பரில் தெலுங்கில் அந்தரிக்‌ஷம் என்ற விண்வெளிப் படம் வெளிவந்தது.