தவணையும் கட்டமைப்பும்: சார்லஸ் டிக்கன்சின் வாழ்வும் தொடர்புனைவின் எழுச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புகழ்பெற்ற புதினங்கள் பல, நூல் வடிவம் பெறுவதற்கு முன்னர் மாதத் தவணைகளாகவோ வார இதழ்த் தொடர்களாகவோ வெளிவந்தன. இம்முறையை வெறும் வணிக உத்தியாகக் கருதி, அதன் விளைவாகவே அக்காலப் புதினங்கள் கட்டுக்கோப்பு இழந்தன என்று கூறும் மதிப்பீடு நெடுங்காலமாக நிலவி வருகிறது. சார்லஸ் டிக்கன்சின் வாழ்வையும் அவர்தம் படைப்புகள் வெளிவந்த சூழலையும் கொண்டு அம்மதிப்பீட்டை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. விலை, பக்க அளவு, வெளியீட்டு நாள் ஆகிய மூன்று வரையறைகளும் தவணையைப் புதினத்தின் ஆக்க அலகாக மாற்றின என்பதும், நூல் வடிவத்தில் குறையாகத் தோன்றும் சில இடங்களைத் தவணை வரலாற்றின்றி விளக்க இயலாது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டிக்கன்ஸ், தொடர்புனைவு, மாதத் தவணை, விக்டோரியா காலப் புதினம், வாசகர், ஆக்க முறை.

முன்னுரை

ஓர் இலக்கியப் படைப்பின் வடிவம் அதன் ஆசிரியரது உள்ளத்தில் மட்டும் உருவாவதில்லை. அது அச்சேறும் தாளின் அளவு, விற்கப்படும் விலை, வாசகர் கையில் சேரும் நாள் ஆகியவையும் அவ்வடிவத்தை அமைப்பதில் பங்கு கொள்கின்றன. இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக அமைபவர் சார்லஸ் டிக்கன்ஸ் (1812–1870). அவர் எழுதிய புதினங்கள் அனைத்தும் தொடராகவே முதலில் வெளிவந்தன. ஒரு புதினத்தையேனும் முழுமையாக எழுதி முடித்த பின்னர் அவர் வெளியிட்டதில்லை. எனவே, இன்று ஒரே நூலாகக் கையில் எடுக்கப்படும் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’, ‘பிளீக் ஹவுஸ்’ முதலியன, முதல் வாசகருக்கு அவ்வாறு கிடைக்கவில்லை. அவர்கள் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் காத்திருந்து படித்தனர்.

வாழ்வும் தொழிற்பயிற்சியும்

டிக்கன்ஸ் 1812ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். தந்தை ஜான் டிக்கன்ஸ் கடற்படை ஊதிய அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். வருவாய்க்கு மீறிய செலவினால் கடன்பட்ட அவர், 1824இல் லண்டனிலுள்ள மார்ஷல்சீ கடனாளர் சிறையில் அடைக்கப்பட்டார். அக்காலத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவனான சார்லஸ், காலணிக் கருமை செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டார். இந்நிகழ்ச்சியைத் தம் நெருங்கிய வட்டத்திற்கு வெளியே அவர் வெளிப்படுத்தவில்லை. அவர் மறைந்த பின்னர், நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வாயிலாகவே உலகம் அதனை அறிந்தது.

இவ்விளமைத் துயர் அவருடைய கதைப்பொருளுக்கு ஊற்றாக அமைந்தது என்பது பலராலும் எடுத்துரைக்கப்பட்டதே. தொடர்புனைவை நோக்க, அதன் பின்னர் அவர் பெற்ற பயிற்சியும் அதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவர், சுருக்கெழுத்தைக் கற்று, நாடாளுமன்ற விவாதங்களைப் பதிவு செய்யும் நிருபரானார். 1834இல் ‘மார்னிங் கிரானிக்கிள்’ நாளிதழில் சேர்ந்தார். குறித்த நேரத்திற்குள், குறித்த அளவில், அச்சகத்திற்குப் படியை ஒப்படைக்கும் ஒழுங்கு அவருக்கு இதழியலால் வாய்த்தது. நாவலாசிரியர் ஆவதற்கு முன்பே அவர் காலக்கெடுவுக்கு எழுதப் பழகியிருந்தார்.

‘பிக்விக்’ தொடரும் விலையின் கணக்கும்

1836ஆம் ஆண்டு சாப்மன் அண்ட் ஹால் பதிப்பகம், ஓவியர் ராபர்ட் சீமோர் வரையும் நகைச்சுவைப் படங்களுக்கு ஏற்ற உரைநடை எழுதித் தருமாறு டிக்கன்சை அணுகியது. முதற்கருத்தின்படி படமே முதன்மையானது. எழுத்து அதற்குத் துணையானது. இரண்டாம் தவணை வெளிவருமுன் சீமோர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் படங்கள் தவணைக்கு இரண்டாகக் குறைந்தன. உரைப்பகுதி 32 பக்கங்களாக விரிந்தது. சிறிது காலத்தில் ‘ஃபிஸ்’ என்னும் புனைபெயருடைய ஹேப்லட் நைட் பிரவுன் ஓவியரானார். இவ்வாறு ஒரு துயர நிகழ்வை அடுத்து எழுத்து முன்னிலை பெற்று, பிற்காலத்தில் பலரும் பின்பற்றிய மாதத் தவணையின் வடிவம் நிலைபெற்றது.

தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் படிகளே அச்சான இத்தொடர், நான்காம் தவணையில் சாம் வெல்லர் என்னும் பணியாள் பாத்திரம் அறிமுகமான பின் வளர்ச்சி கண்டு, 1837இல் நிறைவுறும்போது 40,000 படிகளை எட்டியது. இவ்வெற்றியின் காரணத்தை விலையிலும் காணலாம். அக்காலத்தில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த புதினத்தின் வழக்கமான விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். நடுத்தர வருவாயினர் பலருக்கு இது எட்டாத தொகை. அவர்கள் வாடகை நூலகங்களையே நாட வேண்டியிருந்தது. மாதத் தவணையின் விலையோ ஒரு ஷில்லிங். இறுதியில் இரட்டைத் தவணை ஒன்று சேர்ந்து வருவதால், 20 தவணைகள் 19 மாதங்களில் நிறைவுறும். முழுப் புதினத்திற்கும் வாசகர் செலுத்தியது 20 ஷில்லிங்; அதையும் சிறுகச் சிறுகவே செலுத்தினார். புதினத்தை இரவல் பெற்றுப் படித்த பலர், அதனை விலை கொடுத்து உடைமையாக்கிக் கொள்ளும் நிலையை அடைந்தனர். படைப்புக்கு முன்னும் பின்னும் சேர்க்கப்பட்ட விளம்பரத் தாள்கள் பதிப்பாளருக்குக் கூடுதல் வருவாய் அளித்தன.

கதைகளைப் பகுதி பகுதியாக வெளியிடும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலும் இருந்தது. ஆயினும் புதிதாக எழுதப்படும் புதினத்திற்கு அது மதிப்பும் ஆதாயமும் உள்ள வெளியீட்டு முறையாக நிலைபெற்றது ‘பிக்விக்’கிற்குப் பின்னரே. தாக்கரேயின் ‘வேனிட்டி ஃபேர்’ (1847–48) இதே மாதத் தவணை வடிவில் வெளிவந்தது.

மீட்க இயலாத எழுத்து

தொடர்புனைவாளருக்கு உரிய தனித்த இடர், முன்னர் எழுதியதைத் திருத்த இயலாமை. பத்தாம் தவணையை எழுதும்போது இரண்டாம் தவணை வாசகர் வீட்டில் இருக்கிறது. ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ இதற்கு நல்ல சான்று. 1849 டிசம்பர்த் தவணையில் மிஸ் மௌச்சர் என்னும் குள்ள உருவப் பெண் பாத்திரம், தீய செயலுக்குத் துணைபோகக் கூடியவள் என்னும் ஐயம் எழும் வகையில் அறிமுகமாகிறது. அதில் தம் உடற்சாயலைக் கண்டு புண்பட்ட ஒரு பெண்மணி டிக்கன்சுக்கு மடல் எழுதினார். டிக்கன்ஸ் தம் திட்டத்தை மாற்றிக்கொண்டார். 1850 மார்ச்சுத் தவணையில் அதே பாத்திரம் நல்லுள்ளம் படைத்தவளாக, தோற்றத்தைக் கொண்டு மனிதரை எடைபோடுவதைக் கண்டிப்பவளாக மீண்டும் வருகிறது.

நூலாகப் படிப்போருக்கு இது பாத்திரப் படைப்பின் முரணாகவே தோன்றும். தவணை வரலாற்றை அறிந்தோருக்கோ, அது ஒரு வாசகரின் முறையீடும் ஆசிரியரின் மறுமொழியும் பனுவலுக்குள்ளேயே பதிந்த இடமாக விளங்கும். வாசகரின் எதிர்வினை படைப்பு முடிவுற்ற பின் நிகழும் ஒன்று என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தவில்லை. எதிர்வினை படைப்பின் பாதியிலேயே நுழைந்து அதன் போக்கை மாற்றியிருக்கிறது.

ஆசிரியரது வாழ்வும் தவணையில் தடம் பதித்தது. 1837 மே மாதம் மனைவியின் தங்கை மேரி ஹோகார்த் தம் பதினேழாம் வயதில் திடீரென மறைந்தபோது, டிக்கன்சால் எழுத இயலவில்லை. அப்போது ஒருங்கே வெளிவந்துகொண்டிருந்த ‘பிக்விக்’, ‘ஆலிவர் ட்விஸ்ட்’ ஆகிய இரு தொடர்களும் அடுத்த மாதம் தடைப்பட்டன. தொடர் நின்றதற்கான காரணத்தை வாசகருக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று.

தவணைத் திட்டக் குறிப்புகள்

தொடர்புனைவு திட்டமின்றி வளர்வது என்னும் குற்றச்சாட்டு, தொடக்ககாலப் படைப்பான ‘பிக்விக்’கிற்கு ஓரளவு பொருந்தலாம். பிற்காலப் படைப்புகளுக்கு அது பொருந்தாது. ‘டாம்பி அண்ட் சன்’ (1846–48) தொடங்கி, டிக்கன்ஸ் ஒவ்வொரு மாதத் தவணைக்கும் தனித்தாளில் திட்டம் வகுத்தார். தாளின் இடப்பாதியில் சேர்க்கக் கருதும் செய்திகளையும் தமக்குத் தாமே எழுப்பிக்கொண்ட வினாக்களையும் எழுதினார். வலப்பாதியில் இயல் தலைப்புகளையும் அவற்றின் உள்ளடக்கத்தையும் குறித்தார். இத்தாள்கள் பல லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இத்திட்டமிடலின் பயனைச் சிறுவன் பால் டாம்பியின் இறப்பில் காணலாம். வணிக நிறுவனத்தின் வாரிசாக நூற்பெயரிலேயே சுட்டப்படும் மகன், இருபது தவணைகளுள் ஐந்தாவதின் முடிவிலேயே இறக்கிறான். எதிர்பாராத இத்திருப்பம் எழுதும்போது தோன்றியதன்று. முதல் தவணை வெளிவருமுன்பே ஃபார்ஸ்டருக்கு எழுதிய மடலில் டிக்கன்ஸ் இதனைக் குறிப்பிட்டுள்ளார். முழுமையின் திட்டமும் தவணையின் முடிவும் இங்கு ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. அடுத்த தவணை வரும் வரையிலான ஒரு மாத இடைவெளி, வாசகரை அவ்விழப்போடு இருக்கச் செய்தது. அந்த மௌனமும் கட்டமைப்பின் ஒரு கூறே.

வார இதழும் வடிவச் சுருக்கமும்

1850இல் ‘ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்’, 1859இல் ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ எனும் வார இதழ்களை டிக்கன்ஸ் தொடங்கினார். ஒவ்வோர் இதழின் விலையும் 2 பென்ஸ். 32 பக்க மாதத் தவணையில் கிடைத்த இடப்பரப்பு வார இதழில் கிடைக்கவில்லை. 1854இல் ‘ஹார்டு டைம்ஸ்’ எழுதியபோது, இடநெருக்கடி தம்மை நசுக்குவதாக ஃபார்ஸ்டருக்கு அவர் எழுதினார்.

அந்நெருக்கடி ஆக்கத்திற்கு உதவியதும் உண்டு. 1860இல் ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழில் வெளிவந்துகொண்டிருந்த சார்லஸ் லீவரின் தொடர் வாசகரைக் கவரவில்லை. இதழின் விற்பனை சரிந்தது. இருபது மாதத் தவணைகளாக எழுதக் கருதியிருந்த கதையை டிக்கன்ஸ் வாரத் தொடராக மாற்றினார். அதுவே ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை 36 வாரங்கள் வெளிவந்த அப்புதினம், அவருடைய பெரிய மாதத் தொடர்களின் நீளத்தில் ஏறத்தாழப் பாதியே. அவர் எழுதியவற்றுள் மிகவும் செறிவானது எனப் போற்றப்படும் அதன் அளவை வரையறுத்ததில், ஓர் இதழின் வணிக நெருக்கடிக்கும் பங்குண்டு.

முற்றுப்பெறாத தொடர்

1870இல் தொடங்கிய ‘எட்வின் ட்ரூட்’ பன்னிரண்டு மாதத் தவணைகளாகத் திட்டமிடப்பட்டது. மூன்று தவணைகள் வெளிவந்திருந்த நிலையில், ஜூன் 9ஆம் நாள் டிக்கன்ஸ் மறைந்தார். எழுதி வைத்திருந்த மேலும் மூன்று அதன்பின் வெளிவந்தன. கதையின் மையப் புதிர் விடுவிக்கப்படாமலேயே நின்றது. தொடர்புனைவில் வாசகர் முன்கூட்டியே நம்பிக்கை வைக்கிறார். ஆசிரியர் தவணைதோறும் அந்நம்பிக்கையை ஈடு செய்கிறார். கடனாளியின் மகனாகச் சிறைவாயிலைக் கண்ட ஓர் எழுத்தாளர், முப்பத்துநான்கு ஆண்டுகள் இக்கடப்பாட்டைச் சுமந்தார். அதனை நிறைவேற்ற விடாமல் தடுத்தது இறப்பு ஒன்றே.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. ஒரு ஷில்லிங் தவணை, புதினத்தை உடைமையாக்கிக் கொள்ளும் வாசகர் வட்டத்தை விரிவாக்கியது. பக்க அளவும் காலக்கெடுவும் தவணையைத் தனக்கெனத் தொடக்கமும் முடிவும் கொண்ட ஆக்க அலகாக்கின. திட்டத் தாள்கள் இதனை உறுதி செய்கின்றன. வெளியீட்டின் இடையிலேயே வாசகர் எதிர்வினை நுழைந்ததால், பனுவலில் சில முரண்கள் நிலைத்தன. இவற்றை ஆசிரியரின் கவனக்குறைவாக மட்டும் கொள்வது முறையன்று. தொடராக வெளிவந்த எப்புதினத்தையும் ஆராய்வோர், நூற்பதிப்பில் மறைந்துபோகும் தவணை எல்லைகளையும் வெளியீட்டு நாட்களையும் மீட்டெடுத்த பின்னரே அதன் கட்டமைப்பு குறித்துத் தீர்ப்பு வழங்குதல் வேண்டும்.