வேடியப்பன் கல்லும் சாங்கியே மரவுருவமும்

கடத்தூரிலோ அதைச் சூழ்ந்த தருமபுரி மாவட்டச் சிற்றூர்களிலோ ஊழியஞ் செய்யும் போதகர் 'வேடியப்பன்' என்னும் பெயரைக் கேளாதிருத்தல் அரிது. அப்பெயரால் வணங்கப்படுபவற்றுட் பல பழைய நடுகற்களே. ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தார், "எங்கள் முன்னோர் கல்லை என்ன செய்வது, ஐயா?" என வினவும்போது, 'விக்கிரகம்' என்ற ஒரே சொல்லால் விடையளித்துவிடுகிறோம். இவ்விடை போதுமா?

ஆப்பிரிக்கச் சமயத்தைப் பயில்வோர் காங்கோ நாட்டுச் சாங்கியே மக்களின் மரவுருவங்களைப் படங்களில் கண்டிருப்பர். சிற்பி செதுக்கியதனால் மட்டும் அவ்வுருவம் ஆற்றல் பெறுவதில்லை. சடங்கு வல்லுநர் அதன் வயிற்றிலும் தலையிற் பொருத்திய கொம்பிலும் மருந்துப் பொருள்களை இட்ட பின்னரே அது ஊரைக் காக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. பெரிய உருவங்களைக் கையால் தொடாது, கழிகளைக் கட்டியே நகர்த்தினர். அவை முன்னோர் ஆவிகளோடு ஊரை இணைப்பவை. எனினும் பெரும்பாலும் இன்னார் என்று பெயர் சொல்லத்தக்க ஒரு முன்னோரின் உருவம் அல்ல.

நடுகல்லோ பெயரினின்றே தொடங்குகிறது. அரசனின் ஆட்சியாண்டு, வீரன் பெயர், அவன் பட்ட காரணம் ஆகியவை அதிற் பொறிக்கப்படும். செங்கத்தை அடுத்த எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தன் எருமைகளைக் காக்க உயிர்விட்ட கருந்தேவக்கத்தியோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயும் அதில் இடம்பெறுகிறது. (நாயின் பெயரையும் மறவாத அவ்வூராரை நாம் மெச்சாதிருக்க இயலாது.)

ஆயினும் நடுகல்லில் நினைவு மட்டுமே உண்டு, வழிபாடு பிற்காலத்தது என்று கூறித் தப்புதலும் கூடாது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு நிலைகளைக் கூறுகிறது. படையலும் வாழ்த்தும் தொடக்கமுதலே உள்ளன. யோர்தானில் எடுத்து நாட்டிய பன்னிரு கற்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்படி நின்றன. மோசேயின் வெண்கலச் சர்ப்பமோ தூபம் பெற்றதனால் எசேக்கியாவால் உடைக்கப்பட்டது. நம் மாவட்டத்துக் கல்லில் இவ்விரண்டும் ஒருங்கே உள்ளன. தூபத்தை விடும்படி கேட்கலாம். கதையையும் விடும்படி கேட்க நமக்கு உரிமையில்லை என்பதே நம் கருத்து.

ஆகவே, எழுத்துள்ள கல்லாயின் அதனை அவ்வீட்டாரோடு அமர்ந்து முதலில் வாசித்தல் நலம். எண்ணெயும் மஞ்சளும் படிந்து எழுத்து மறைந்திருக்கலாம். வட்டெழுத்து அறியாதோர், 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலிலிருந்து தொடங்கலாம்.