குடலுக்கு மாத்திரை சரி, எலும்பை யார் பாக்குறது?

இன்னைக்குக் குடலையும் எலும்பையும் சேர்த்துப் பேசப்போறோம். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். இருக்கு.

க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ரெண்டையும் சேர்த்து ஐ.பி.டி., அதாவது குடல் அழற்சி நோய்னு சொல்றாங்க. (ஐ.பி.எஸ். வேற, குழப்பிக்காதீங்க.) பெரும்பாலும் 15-லிருந்து 35 வயசுக்குள்ள தலைகாட்டும். சிறுசேரியிலயோ மறைமலை நகர்லயோ முதல் வேலைக்குச் சேர்ற வயசு. எலும்பு பலம் சேர்க்கிறதும் ஏறக்குறைய 30 வயசு வரைக்கும்தான். சேமிக்க வேண்டிய வருஷத்துலயே செலவு ஆரம்பிச்சுடுது.

எப்படி? குடல் அழற்சியில சுரக்கிற வேதிப்பொருட்கள் ரத்தத்துல கலந்து, எலும்பைக் கரைக்கிற செல்களை உசுப்பிவிடும். சிறுகுடல் புண்ணாயிருந்தா சத்து சரியா உறிஞ்சாது. ஒத்துக்கலைன்னு பலர் பாலையே விட்டுடுவாங்க. இதுக்கு மேல ஸ்டீராய்டு. பிரெட்னிசலோன் உண்மையிலேயே நல்ல மருந்து, ஆனா எலும்பு வேகமா தேயறது அதை ஆரம்பிச்ச முதல் சில மாசத்துலதான்.

"மாமல்லபுரம் பக்கம் இவ்ளோ வெயில், வைட்டமின் டி எப்படிக் குறையும்?" நியாயமான கேள்விதான். திருப்பதியில டாக்டர் ஹரிநாராயண் குழு 2007-ல வெளியிட்ட ஆய்வு, ஆரோக்கியமா இருக்கிற தென்னிந்தியர்கள்கிட்டயே வைட்டமின் டி குறைபாடு பரவலா இருக்குன்னு காட்டுச்சு. கம்பெனி பஸ் கண்ணாடி வழியா வர்ற வெயில்ல வைட்டமின் டி உருவாகாது. ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம் உக்காந்தாலும் அதே கதைதான்.

எலும்பைப் பாக்குற சோதனை டெக்ஸா ஸ்கேன். சில நிமிஷம் படுத்தா போதும், கதிர்வீச்சு மார்பு எக்ஸ்-ரேவை விடக் குறைவு. ரிப்போர்ட்ல ரெண்டு எண் வரும். 50 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க டி-ஸ்கோரைப் பார்த்துப் பதற வேண்டாம், இஸட்-ஸ்கோரைப் பாருங்க. அது -2.0 அல்லது அதுக்கும் கீழன்னா வயசுக்கு ஏத்த அடர்த்தி இல்லைன்னு அர்த்தம். அபார்ட்மென்ட் முகாம்ல குதிகாலை வெச்சுப் பாக்குற மெஷின் இதுக்கு ஈடாகாது.

அப்புறம் ஏன் இந்த டெஸ்ட் தவறிப்போகுது? குடல் டாக்டர் குடலைப் பாக்குறார். எலும்பு டாக்டர்கிட்ட நாம போறதே உடைஞ்ச பிறகுதான். செங்கல்பட்டுல ஒரு டாக்டர், சென்னையில இன்னொருத்தர், அவசரத்துக்குப் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல்ல வாங்கின மாத்திரை. மொத்தம் எத்தனை மாசம் ஸ்டீராய்டு போச்சுன்னு கூட்டிப் பாக்க ஆளே இல்லை. என்னைக் கேட்டா, புது மெஷினை விட இந்தக் கூட்டல்தான் அவசரம்.

நம்ம ஊர்ல ஃபைல் நோயாளி கையிலதானே இருக்கு? அதோட முதல் பக்கத்துல எழுதுங்க: ஸ்டீராய்டு ஆரம்பிச்ச தேதி, நிறுத்தின தேதி, கடைசி டெக்ஸா எப்போ. மொத்தம் 3 மாசம் தாண்டினா, இல்ல எடை ரொம்பக் குறைஞ்சிருந்தா, லேசா விழுந்ததுக்கே எலும்பு உடைஞ்சிருந்தா, "டெக்ஸா எடுக்கணுமா டாக்டர்?"னு நீங்களே கேளுங்க. ஆஸ்பத்திரி பக்கமும் பெரிய வேலை இல்லை. ஸ்டீராய்டு எழுதுற சீட்டுலயே கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதிடணும். பிரிட்டிஷ் குடல்நோய் மருத்துவர் சங்கத்தோட 2019 வழிகாட்டுதல், ஸ்டீராய்டு எடுக்கிறவங்களுக்கு தினமும் 800-லிருந்து 1000 மில்லிகிராம் கால்சியம், 800 யூனிட் வைட்டமின் டி-ன்னு சொல்லுது.

சாப்பாட்டுல? பால் ஒத்துக்கலைன்னா தயிர் பாருங்க. கோவளம் பக்கம் நெத்திலி கிடைச்சா முள்ளோட சாப்பிடுங்க, கால்சியம் அந்த முள்ளுலதான். குடல் சுருக்கம் இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு.

ஒண்ணு மட்டும் வேண்டாம். இதைக் கேட்டுட்டு ஸ்டீராய்டை நீங்களா சட்டுனு நிறுத்திடாதீங்க. படிப்படியாத்தான் குறைக்கணும், அதுவும் டாக்டர் சொல்ற கணக்குல.