நெடுத்து மெலிந்த அத்திக் கன்றுகளைச் சீர்செய்யும் முறை

சீமை அத்தியை 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளியில் நட ஏக்கருக்குச் சுமார் 160 கன்றுகள் தேவைப்படும். விலை கொடுத்து வாங்கிய கன்றுகளை, மழை வரட்டும் என்றும் குழி எடுத்து முடியட்டும் என்றும் தாழ்வாரத்திலோ கொட்டகையிலோ பல வாரங்கள் வைத்துவிடுவதுண்டு. நடும் நேரத்தில் பார்த்தால் அவை குச்சிபோல் மெலிந்து, இலைகள் தூரந்தூரமாக அமைந்து, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். உயரமாக வளர்ந்திருப்பதால் நல்ல கன்று என்று எண்ணி அப்படியே நட்டால், காற்றில் ஒடியும். வெயிலில் இலை கருகும். தக்க முறையில் கவனித்தால் இக்கன்றுகளைக் காப்பாற்றிவிடலாம்.

காரணம் என்ன?

அத்தி நல்ல வெயிலை விரும்பும் மரம். ஒளி குறைந்த இடத்தில் செடி தன்னிடமுள்ள உணவைத் தண்டை நீட்டுவதிலேயே செலவிடுகிறது. மரத்தடியில் வைத்தாலும் இதே நிலைதான். மேலுள்ள இலைகள் சிவப்பொளியை உறிஞ்சிவிடுவதால், கீழே தொலைசிவப்பொளியே மிகுந்து விழுகிறது. இதைச் செடி உணர்ந்து, நிழலைத் தாண்டிச் செல்ல விரைவாக நீள்கிறது. பைகளை நெருக்கி அடுக்குவதும், நிழலில் யூரியா இட்டு நிறைய நீர் ஊற்றுவதும் இந்த மெலிவை அதிகப்படுத்தும்.

ஒருமுறை நீண்ட கணுவிடைப் பகுதி பின்னர் குறுகுவதில்லை. எனவே முதலில் ஒளி, அதன்பின் வெட்டு என்ற வரிசையில் சீர்செய்தல் வேண்டும். ஒளியைச் சரிசெய்யாமல் நுனியை மட்டும் வெட்டினால், புதிய தளிரும் மெலிந்தே வரும்.

வெயிலுக்குப் பழக்குதல்

நிழலில் வளர்ந்த இலைகள் மெல்லியவை. திடீரென முழு வெயிலில் வைத்தால் வெளுத்துக் கருகிவிடும். முதல் 4 நாட்கள் காலை வெயிலில் 2 மணி நேரம் வைக்கவும். அடுத்த 5 நாட்கள் நண்பகல் வரை வைக்கலாம். இரண்டு வாரத்தில் முழு வெயிலுக்குப் பழகிவிடும். பைகளை ஒன்றோடொன்று இலை உரசாதவாறு இடைவிட்டு வைத்தல் அவசியம்.

நுனியை வெட்டுதல்

கன்று வெயிலுக்குப் பழகியபின், தரையிலிருந்து சுமார் 2 அடி உயரத்தில், நல்ல மொட்டு ஒன்றுக்குச் சற்று மேலே கூரிய கத்தரியால் சாய்வாக வெட்டவும். நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கீழிறங்கிப் பக்க மொட்டுகளை உறங்கவைக்கிறது. நுனி நீங்கியதும் அவை விழித்துக் கிளைக்கும். பல திசைகளில் செல்லும் 3 அல்லது 4 கிளைகளை நிறுத்தி, மற்றவற்றைக் களைந்துவிடவும்.

வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவவும். 100 கிராம் மயில்துத்தத்தையும் 100 கிராம் சுண்ணாம்பையும் தனித்தனியே அரை லிட்டர் நீரில் கரைத்துப் பின் கலந்தால் பசை கிடைக்கும். இதற்கு மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தைப் பயன்படுத்தவும். அத்திப் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் உண்டாகும். ஆகவே கையுறை அணிந்து வெட்டுவதும், பின் சோப்பால் கழுவுவதும் நலம்.

வெட்டிய தண்டில் பென்சில் பருமனுள்ள முற்றிய பகுதியை வீணாக்க வேண்டாம். 20 முதல் 25 செ.மீ. நீளத் துண்டுகளாக்கி, மூன்றில் இரு பங்கு மண்ணில் இருக்குமாறு நட்டால் புதுக் கன்றுகள் கிடைக்கும்.

பட்டை கீறுதல்

தண்டு பருத்தும் கிளைக்காத மரங்களுக்குப் புனே பகுதி அத்தி விவசாயிகளின் முறை உதவும். சுமார் 8 மாதம் முதிர்ந்த கிளையில், உறங்கும் மொட்டுக்குச் சற்று மேலே, 2.5 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் கொண்ட பட்டைத் துண்டை ஜூலையில் சீவி எடுக்கிறார்கள். மேலிருந்து வரும் ஆக்சின் தடைபடுவதால் அம்மொட்டு கிளைக்கிறது. மெல்லிய கன்றில் இதைச் செய்தால் தண்டு ஒடிந்துவிடும்.

பின்செய் நேர்த்தி

வெட்டியபின் இலை குறைவாதலால் நீரும் குறைவாகவே போதும். மேல்மண் காய்ந்தபின் நீர் ஊற்றவும். புதிய இலைகள் விரியும்வரை உரம் இட வேண்டாம். பின்னர் மக்கிய தொழு உரம் இடலாம். புதிய தளிரில் இலைகள் நெருங்கி அமைந்திருந்தால் கன்று தேறிவிட்டது என்று அறியலாம். அப்போது நடவு செய்து, முளைக்குச்சி ஊன்றிக் கட்டவும்.

வாங்கிய நாளிலிருந்தே கன்றுகளுக்கு வெளிச்சமும் இடைவெளியும் கொடுத்து வந்தால் இவ்வேலைகளுக்குத் தேவையே ஏற்படாது.