பாசி தின்னும் குட்டிக் கெளுத்தி

உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா? இருந்தால், அதன் கண்ணாடியில் பச்சைப் படலமாகப் பாசி படிவதைக் கண்டிருப்பீர்கள். "சக்கர் மீன் ஒன்று வாங்கி விடு, தொட்டி தானே சுத்தமாகும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். நாமகிரிப்பேட்டையிலிருந்து இராசிபுரத்திற்கோ சேலத்திற்கோ சென்று அந்த மீனை வாங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சக்கர் என்ற பெயரில் விற்கப்படுவது ஒரே மீன் அன்று.

வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் இரு மீன்களைப் பார்ப்போம். இரண்டும் தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த கெளுத்திகள். இரண்டின் உடலிலும் செதிள்களுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் உண்டு.

முதலாவது, ஓட்டோசிங்க்ளஸ். முழு வளர்ச்சியிலும் 3 முதல் 5 செ.மீ. நீளமே இருக்கும். மூக்கு நுனியிலிருந்து வால் வரை பக்கவாட்டில் ஒரு கருங்கோடு ஓடும். முதுகுத் துடுப்பு சிறியது. அதற்கும் வாலுக்கும் இடையே வேறு துடுப்பு இல்லை.

இரண்டாவது, டெரிகோப்ளிக்திஸ். குட்டியாக இருக்கையில் இதுவும் விரல் நீளந்தான். ஆனால் உடலெங்கும் புள்ளிகள். முதுகுத் துடுப்பு பாய்மரம்போல் விரியும். அதில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கதிர்களை எண்ணலாம். வாலுக்கு முன்னால் இன்னொரு சிறு துடுப்பும் உண்டு. இது 40 செ.மீ.க்கும் மேல் வளரும். வீட்டுத் தொட்டி இதற்கு எப்படிப் போதும்?

ஆகவே, சிறு தொட்டிக்கு ஏற்றது ஓட்டோசிங்க்ளஸே. ஆனால் அது துப்புரவுத் தொழிலாளி அன்று. மற்ற மீன்களின் கழிவை அது தின்னாது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மாற்றுபவை தொட்டியில் பெருகும் பாக்டீரியாக்கள். அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். எனவே ஓரிரு மாதம் ஓடிய, பாசி பிடித்த தொட்டியில்தான் இம்மீனை விட வேண்டும். பளபளக்கும் புதுத் தொட்டியில் விட்டால் அது பட்டினியால் இறந்துவிடும்.

வாங்கும்போது வயிற்றைப் பாருங்கள். ஒட்டிய வயிறு, நீண்ட பட்டினியின் அடையாளம். உருண்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இது கூட்டமாக வாழும் மீன், ஆறேனும் சேர்ந்திருக்கட்டும். முன்புறக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள்; பின்புறப் பாசி அவற்றின் உணவு. பாசி குறைந்தால், வேகவைத்த வெள்ளரி அல்லது சுரைக்காய்த் துண்டைக் கல்லில் கட்டி மாலையில் இடுங்கள். மிச்சத்தை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள்.

நீரையும் கவனியுங்கள். இவை மென்னீர் ஆறுகளில் வாழ்பவை. உங்கள் கிணற்று நீரில் சோப்பு எளிதில் நுரைக்காவிட்டால் அது கடினநீர். அதனுடன் சுத்தமான மழைநீரைக் கலந்து கடினத்தன்மையைக் குறைக்கலாம். நம் வட்டாரக் கோடை வெயில் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள். நீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மீன்கள் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கினால் இதைச் சந்தேகியுங்கள்.

சரி, தவறுதலாகப் பெரிய வகையை வாங்கிவிட்டால்? ஏரியில் விடுவது இரக்கம் என்று தோன்றும். ஆனால் தொட்டிகளிலிருந்து இப்படி வெளியேறிய டெரிகோப்ளிக்திஸ் தமிழகம், கேரளம், ஆந்திரம், வங்கம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பெருகிவிட்டது. கரைகளில் வளை தோண்டும். நம் மீன்களின் உணவுக்குப் போட்டியிடும். முரட்டு முட்களால் மீனவர் வலையைக் கிழிக்கும். இதைப் பிடித்தாலும் நம் ஊரில் வாங்குவார் அரிது. ஏரி நிரம்பிக் கலிங்கு வழியும்போது ஓடை வழியே ஆற்றுக்கும் போய்விடும். ஆகவே அதைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி உள்ளவரிடம் ஒப்படையுங்கள்.

அடுத்த முறை மீன் கடைக்குச் செல்லும்போது, பையிலிருக்கும் பணத்தை எண்ணுமுன் முதுகுத் துடுப்பின் கதிர்களை எண்ணிப் பாருங்கள்!