கியர் விழ மாட்டேங்குதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒரு சின்ன சோதனை

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். ராஜகிரி ஏறி இறங்கிவிட்டு, சென்னை திரும்பக் காரை எடுத்தால் முதல் கியர் விழ மாட்டேங்குது. என்ன செய்வது? 'கியர்பாக்ஸ் போச்சு' என்று பதற வேண்டாம்.

ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, இன்ஜினை அணைத்து, கிளட்சை முழுசாக மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள்.

இன்ஜின் ஓடாதபோது மட்டும் விழுதா? கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்று அர்த்தம். கேபிள் தளர்ந்திருக்கலாம், ஹைட்ராலிக் வகை என்றால் ஆயில் கசிந்திருக்கலாம். இங்கேதான் கவனம் தேவை. பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பாதான். ஆயில் குறைந்திருந்தால் பிரேக்கையும் நம்ப முடியாது, வண்டியை எடுக்காதீர்கள்.

அணைத்த பிறகும் விழலையா? கியர் லிவரிலிருந்து போகும் கேபிளில் அல்லது கியர்பாக்ஸுக்குள் கோளாறு.

ஒரே ஒரு கியர் மட்டும் கரகரக்குதா? அந்த கியரின் சின்க்ரோ தேய்ந்திருக்கலாம்.

இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறலையா, கருகல் வாடை வருதா? கிளட்ச் பிளேட் வழுக்குது. பெடல் மேலேயே கால் வைத்து ஓட்டும் பழக்கம் பிளேட்டைச் சீக்கிரம் தேய்க்கும்.

பார்த்ததை அப்படியே மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கேபிளையும் ஆயிலையும் பார்க்காமலே கியர்பாக்ஸை இறக்கும் வீண் செலவு மிச்சம்.