உப்பலமடுகில் சாக்கு சுமந்த மலையேற்றக்காரர்கள்

திருப்பதி மாவட்டம் வரதய்யபாளையம் மண்டலத்துக் காட்டுக்குள் இருக்கிறது உப்பலமடுகு நீர்வீழ்ச்சி. சென்னைவாசிகளிடம் 'தடா அருவி' என்று சொன்னால்தான் தெரியும். தெலுங்கில் மடுகு என்பது நமது மடுவேதான். பாறைகளுக்கிடையே இறங்கி வரும் ஓடை, மடு மடுவாகத் தேங்கி நிற்கும் இடம்.

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். சூலூர்பேட்டை செல்லும் புறநகர் ரயிலில் தடாவில் இறங்கினால், வரதய்யபாளையம் வழியாகப் போய்விடலாம். வழி எளிதாக இருப்பதே ஓடைக்கு வினையாயிற்று. விடுமுறை நாள் கூட்டம் விட்டுச் செல்லும் பாலிதீன் பை, இலைத்தட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் அடுத்த மழையில் கீழ் மடுவுக்கு இறங்கிவிடுகின்றன. மதுப்புட்டிச் சில்லு மட்டும் இறங்காது. தண்ணீருக்கடியில் கிடந்து காலைப் பதம் பார்க்கும். மீந்த சோற்று வாசனைக்கு வரும் மான், பையோடு சேர்த்துத் தின்றுவிடும்.

2008ல் பெல்ஜியம் நாட்டவரான பீட்டர் வான் கைட் தொடங்கிய சென்னை மலையேற்றக் குழு, இந்த மலைகளில்தான் நடந்து பழகியது. நடந்த தடத்திலேயே குப்பையைக் கண்டவர்கள், தடாவிலும் நாகலாபுரம் மலையிலும் சாக்குகளுடன் இறங்கினர். சம்பளமில்லை, பெரும்பாலும் அலுவலகம் செல்லும் இளைஞர்கள். பாறை வழியில் வண்டி போகாது. சேர்ந்ததையெல்லாம் தோளில் சுமந்துதான் கொண்டுவர வேண்டும். கண்ணாடியைத் தனியே கட்டாவிட்டால் சாக்கு கிழிந்து முதுகைக் கீறும்.

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் இக்குழு மூலம் சென்றவர்களும் பலியானதால் குழு கடும் கண்டனத்துக்கு ஆளாயிற்று. அது தனி விஷயம். ஓடையில் அவர்கள் குனிந்து பொறுக்கியதை அதனால் இல்லையென்று சொல்ல முடியாது.

மடுவில் மூழ்கி இளைஞர்கள் இறந்ததுண்டு. வனத்துறை அவ்வப்போது அனுமதியை நிறுத்தியதும் உண்டு. ஒரேயடியாக மூடிவிட்டால் குப்பை குறையலாம், ஆனால் வருகிறவர்களை நம்பிக் கடை வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் பிழைப்பும் போகும். மூடுவதைவிட, நுழைவாயிலில் பையைச் சோதிப்பது மேல் என்பது நம் எண்ணம்.

இதற்கு ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. நீலகிரி மாவட்டத்தில் 2022 மே மாதம் முதல், மதுப்புட்டிக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் முறை வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே இது நடந்தது. பத்து ரூபாய்க்காகவாவது புட்டி காட்டில் உடையாமல் கடைக்குத் திரும்புகிறது. வரதய்யபாளையம் கடைகளிலும் இதைச் சோதித்துப் பார்க்க ஆந்திர அதிகாரிகள் முன்வந்தால், தொண்டர்களின் சாக்கில் பாதிச் சுமை குறையும்.